வலது கால் வேண்டும், இடது கால் வேண்டாம்

எங்கள் கடைத்தெருவில் எதை முடிவு செய்வதானாலும் ஒத்தைச் செருப்பை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். ஆம்பூருக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையை ஒட்டிய சிறிய ஊர் அது. தெருவின் இருபுறமும் சேர்த்து நாற்பது கடைகள். கம்பெனிகள் ஏற்றுமதிக்கு ஆகாது என்று ஒதுக்கிய ஷூக்களையும் செருப்புகளையும் மூட்டை மூட்டையாக எடுத்துவந்து விற்பார்கள். மூட்டையைப் பிரித்தால் பாதி ஜோடியாக இருக்கும். மீதி ஜோடி சேராத ஒத்தைகள். அதனால் எந்தக் கடையிலும் ஒத்தைகளுக்குப் பஞ்சமில்லை.

முறை இதுதான். கடைக்கு ஒருவர் ஒரு வலது கால் ஒத்தையையும் ஒரு இடது கால் ஒத்தையையும் துணிப்பையில் போட்டு எடுத்துவருவார். திரைக்குப் பின்னால் வைத்திருக்கும் கோணிக்குள் ஒன்றை மட்டும் போடுவார். வலது என்றால் வேண்டும், இடது என்றால் வேண்டாம். மற்றது பையோடு வீட்டுக்குப் போய்விடும். கடைசியில் கோணியைப் பாயில் கொட்டிப் பிரித்து எண்ணுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் எங்கள் தெருவில் வலது எது, இடது எது என்று பார்த்த கணமே தெரியும். எல்லாரும் ஒரே கம்பெனிகளின் சரக்கை விற்பதால் எது யாருடைய ஒத்தை என்று யாருக்கும் தெரியாது. அப்படித்தான் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, தீபாவளிக்கு முந்தைய மாதங்களில், தெருவில் மூன்று கடைகளின் ஷட்டரை நெம்பித் திருடினார்கள். மூன்றாவது எங்கள் கடை. பண்டிகைக்காக வாங்கி அடுக்கியிருந்த சரக்கு மொத்தமும் போயிற்று. அப்பா ஒரு வாரம் காலி அலமாரிகளைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒருநாள் காவல் நிலையத்துக்குப் போய் ஒரு யோசனையோடு திரும்பி வந்தார். தெருக்கோடியில் ஒரு போலீஸ் பூத், நான்கு கேமரா, ராத்திரி ரோந்து. ஆள் கொடுப்பது அவர்கள் பொறுப்பு. பூத்தும் கேமராவும் ரோந்து வண்டிக்குப் பெட்ரோலும் தெருவின் பொறுப்பு. அதற்காக, விற்கிற ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு ரூபாய் கூடுதலாக வாங்கிச் சங்கத்தில் கட்ட வேண்டும். அப்பாதான் சங்கச் செயலாளர்.

இரண்டு வாரம் டீக்கடையில் வேறு பேச்சே இல்லை.

"சேல்ஸ் டாக்ஸ் கட்றோம், நகராட்சிக்குக் கட்றோம். போலீசுக்கு பெட்ரோலும் நாமளே போட்டா அப்புறம் கவர்மெண்டு இன்னாத்துக்கு?" என்பார் பெல்ட் கடைக்காரர்.

"உன் ஷட்டர நெம்பும்போது கவர்மெண்ட கூப்ட்டுக்கோ," என்பார் முதலில் திருட்டுக் கொடுத்த மொத்த வியாபாரி.

"ஜோடிக்கு ரெண்டு ரூபா ஏத்துனா கஸ்டமரு ஓடிப்போய்டுவான்யா."

"ரெண்டு ரூபாய்க்கு எவன் ஓடுவான்?"

"நீ ஓடுவ. அஞ்சு ரூபா கம்மின்னா மாமியார் ஊரு வரைக்கும் நடந்தே போற ஆளு நீ."

நான் அப்பாவுடன் போய் உட்கார்ந்து இதையெல்லாம் நோட்டில் எழுதினேன். எதையும் வரிசையாக எண் போட்டு எழுதிவைப்பது அப்போதே எனக்குப் பழக்கம். வேண்டும் என்பதற்குக் காரணங்கள் ஆறு, வேண்டாம் என்பதற்கு ஐந்து. அப்பாவிடம் காட்டினேன். ஆறு, ஐந்தைவிடப் பெரியது என்பதில் அவருக்கு உண்மையாகவே ஆறுதல் கிடைத்தது என்று நினைக்கிறேன்.

என் பட்டியலில் வராத காரணம் ஒன்று இருந்தது. அது அத்தையிடம் இருந்தது.

அத்தை அப்பாவின் அக்கா. தெருக்கோடியில், ஷூவுக்குள் வைக்கும் இன்சோல், லேஸ், பாலிஷ் விற்கும் சின்னக் கடை அவருடையது. கணவர் இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரே மகன். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். பத்தொன்பது வயது. தெருவில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர், அப்போதுதான் ஒரு ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு போய்வர ஆரம்பித்திருந்தார். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்து அத்தையின் கடை ஷட்டரை இழுத்துப் பூட்டுவது அவர்தான்.

இரண்டாவது திருட்டு நடந்த மறுவாரம், ஷிப்ட் முடிந்து வரும் வழியில், அவரைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். உன் பேர் வந்திருக்கு என்று மட்டும் சொன்னார்களாம். யார் கொடுத்தது, எதற்காக என்பதெல்லாம் இல்லை. இரண்டு நாள் வைத்திருந்தார்கள். பிறகு, இவன் இல்லை என்று தெரிந்து அனுப்பிவிட்டார்கள். எந்தக் காகிதத்திலும் எதுவும் பதிவாகவில்லை. ஒரு காது மட்டும் அதன்பிறகு கேட்கவில்லை.

அத்தை இதைத் தன் தம்பியிடம்கூடச் சொல்லவில்லை. போலீஸ் கூட்டிக்கொண்டு போன பையன் என்று ஒரு வார்த்தை கம்பெனிக்குப் போனால், மறுநாளே வாசலில் அட்டையைக் கழற்றி வாங்கிக்கொள்வார்கள். எங்களிடம் சொல்லப்பட்டது வேறு. அந்த இரண்டு நாளும் மாமா ஆலங்காயத்தில் சொந்தக்காரர் வீட்டில் இருந்தார். அங்கே கிணற்றில் குளித்தபோது காதில் தண்ணீர் போய்விட்டது. நான் படிப்பு முடித்து வேலைக்குப் போன பிறகு, குடியாத்தத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், "இந்தப் பக்கம் வந்து உக்காரு, அந்தக் காது கேக்காது," என்று மாமா சொன்னார். இன்னும் சரியாகவில்லையா என்று கேட்டேன். இலையைப் பார்த்தபடியே நான்கைந்து வாக்கியங்களில் சொல்லி முடித்தார்.

கூட்டம், கடைகளுக்கு விடுமுறையான ஒரு நாள் பிற்பகல், சங்கத் தலைவரின் கிடங்கில் நடந்தது. தலைவர் வயதானவர். எல்லாரும் அவரை பாய் என்பார்கள். அப்பாவின் கையெழுத்து அவருக்கே புரியாது என்பதால் எண்ணிக்கை எழுத, தரையில் விரித்திருந்த பாயின் ஓரத்தில் என்னை உட்காரவைத்தார்கள். வலதுக்கு ஒரு கட்டம், இடதுக்கு ஒரு கட்டம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. என் வேலை அவ்வளவுதான்.

கோணியைக் கொட்டினார்கள். நான் கோடு போட ஆரம்பித்தேன். ஐந்தாறு கோடுகளுக்குள் ஒன்றைக் கவனித்தேன். எது யாருடையது என்று எனக்குத் தெரிந்தது.

பள்ளி விட்டதும் தெருவில் எல்லாக் கடைகளிலும் போய் உட்காருகிறவள் நான். ஒதுக்கிய சரக்கு அப்படியே விற்பனைக்கு வராது. பழுது பார்த்துத்தான் வைப்பார்கள், ஒவ்வொரு கடைக்காரரும் ஒவ்வொரு விதமாக. பெல்ட் கடைக்காரர் எந்தக் கீறலுக்கும் அடர்ந்த பழுப்பு பாலிஷ்தான் போடுவார். மொத்த வியாபாரியின் ஆட்கள் பிரிந்த தையலை வெள்ளை நூலால் தைப்பார்கள். எங்கள் அப்பா பசையை ஓரத்தில் வழியவிடுவார். இந்தத் தெருவின் பெரியவர்கள் வலதா இடதா என்று மட்டும் பார்த்தார்கள். நான் பழுதைப் பார்த்தேன். ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் கடையின் பெயரையும் எழுதினேன். தெரியாததற்குக் கேள்விக்குறி. யாரும் எழுதச் சொல்லவில்லை. எழுதக் கூடாது என்றும் யாரும் சொல்லவில்லை. இன்னும் முழுமையான பட்டியல் இன்னும் நல்ல பட்டியல் என்று நினைத்தேன்.

வலது பதினெட்டு. இடது இருபத்திரண்டு. அப்பாவின் யோசனை தோற்றது.

அப்பா என் பக்கம் கையை நீட்டினார். எண்ணிக்கையை அறிவிக்க நோட்டை வாங்கினார். பார்த்தார்.

"இன்னாம்மா இது?"

"எது யாருதுன்னு எழுதியிருக்கேன்ப்பா."

பாய்தான் முதலில் பேசினார். "கிழிச்சிடுங்க. பேரு பாக்கறதுன்னா திரை எதுக்கு, கோணி எதுக்கு?"

அப்பா தாளை நோட்டிலிருந்து கிழித்து என் மடியில் போடவும் செய்தார். ஆனால் மொத்த வியாபாரி அதற்குள் எட்டிப் பார்த்திருந்தார்.

"கிழிக்கட்டும் பாய், வேணாங்கல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். போலீசு வந்தா யாருக்குப் பேஜாரு? திருடனுக்குத்தானே? வேணாம்னு போட்டவங்க எதுக்குப் போட்டோம்னு மட்டும் சொல்லிட்டுப் போவட்டும். பெல்ட் கடையே, நீ சொல்லு."

பெல்ட் கடைக்காரர் இரண்டு வாரமாக டீக்கடையில் எல்லார் முன்னாலும் எதிர்த்துப் பேசியவர். இப்போது எழுந்து நின்று, "நான் வலதுதான் போட்டேன். பாப்பா தப்பா எழுதிடுச்சு," என்றார்.

சிலர் சிரித்தார்கள். இன்னொருவர் எழுந்தார். "நானும் வலதுதாம்பா. பாப்பா தப்பா எழுதியிருக்கும்." மூன்றாமவர், பையில் கைவிட்டபோது மாறி வந்துவிட்டது என்றார். நான்காமவர் மறுபடியும் பழியை என் மேலேயே போட்டார். பட்டியலில் இருக்கிறோமா என்று தெரியாதவர்கள்கூட எழுந்து, பாப்பா தப்பாக எழுதிவிட்டது என்று சொன்னார்கள்.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நான் தப்பாக எழுதவில்லை. வாழ்க்கையில் அதுவரை அவ்வளவு சரியாக எதையும் எழுதியதில்லை. பாயில் குவிந்திருந்த இடது கால் ஒத்தைகளிலிருந்து ஒன்றை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன்.

"தப்பா எழுதல. இதப் பாருங்க, இது அத்தையோடது. உள்ள இருக்கிற இன்சோல அத்தை கையால வெட்டினது. விரல் பக்கம் சாய்வா வெட்டுவாங்க. வேற யாரும் அப்டி வெட்ட மாட்டாங்க."

இருபத்திரண்டில் அதை ஏன் எடுத்தேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். காரணம் எளிமையானது. எனக்கு முழு நிச்சயமாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மற்றவர்களைப் போல, பாப்பா தப்பாகச் சொல்கிறது என்று அவரும் சொல்லியிருக்கலாம். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"ஆமா. என்னுதுதான்."

"இன்னாக்கா இது?" அப்பாவின் குரல் உடைந்திருந்தது. "போனது நம்ம கடை சரக்கு. நீயே வேணாம்னு போட்டியா?"

அத்தை தன் கையிலிருந்த பையைப் பார்த்தார். "ரெண்டு ரூபா ஜாஸ்தி தம்பி. இன்சோல் ஜோடி பதினஞ்சுக்கு விக்கிறவ நான். அதுல ரெண்டு போனா எனக்கு இன்னா நிக்கும்?"

கிடங்கு முழுக்க மூச்சு விட்டது. பாய் அன்பாகச் சொன்னார். "நியாயந்தானம்மா. இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே. செயலாளரே, இன்சோலு, லேசு, பாலிசுக்கு இந்த ரெண்டு ரூபா கிடையாதுன்னு எழுதிக்கோங்க. இப்போ சரியாம்மா?"

எல்லாரும் அத்தையைப் பார்த்தார்கள். அவர் சொன்ன ஒரே காரணத்தையும் எடுத்துவிட்டார்கள். மிகுந்த கனிவோடு எடுத்துவிட்டார்கள்.

"சரி பாய்."

இனி கோணியெல்லாம் வேண்டாம், கையைத் தூக்கிவிடலாம் என்று மொத்த வியாபாரி சொன்னார். முதல் கை பெல்ட் கடைக்காரருடையது. பிறகு ஒவ்வொன்றாக மற்ற கைகளும். நான் எண்ணினேன். முப்பத்தொன்பது. கதவுப் பக்கம் பார்த்தேன். அத்தையும் கையைத் தூக்கினார். நாற்பது.

அப்பா என்னை ஒரு புதிய பக்கத்தில், ஒருமனதாக நிறைவேறியது என்று எழுதச் சொன்னார். அப்பாவின் ஆறு காரணங்களும் கடைசியில் அத்தைக்குப் புரிந்துவிட்டன என்று சந்தோஷத்துடன் எழுதினேன். பூத்துக்கு இடம் எது என்று கேட்டார்கள். தெருக்கோடியில், அக்கா கடைக்கு எதிரில் என்றார் அப்பா. "தனியா கடை வச்சிருக்குது. பாதுகாப்பு மொதல்ல அதுக்குத்தான் வேணும்."

பொங்கலுக்குள் பூத் வந்தது. திருட்டும் நின்றது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அப்பா மறுபடியும் அலமாரிகளை நிரப்பினார். மாமா சாயங்காலங்களில் ஷட்டர் இழுக்க வருவதை நிறுத்திவிட்டார். அத்தையே ஒரு கம்பியை மாட்டி இழுத்துப் பூட்டினார். அந்தக் கோடைக்குள் மாமா சென்னைப் பக்கம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அங்கே சம்பளம் கூடுதலாக இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆனால் நான் சொல்ல நினைத்தது அந்தக் கூட்டம் கலைந்த பிற்பகலைப் பற்றி. அப்பா நாற்காலிகளை அடுக்க நின்றுவிட்டார். அத்தை என் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனார். திட்டுவார் என்று பயந்துகொண்டே நடந்தேன். திட்டவில்லை. பாதி வழியில், மூடிய கடை ஒன்றின் படியருகே நின்றார்.

"கிழிச்ச காகிதம் எங்க?"

அதை நான் தூக்கி எறியவில்லை. சரியான பட்டியலை எறிய மனம் வரவில்லை. பாவாடை மடிப்பிலிருந்து எடுத்துக் காட்டினேன்.

"படி."

அத்தை பள்ளிக்கூடம் போனதில்லை. நான் படித்தேன். வலது பக்கம் முழுவதும், பிறகு இடது பக்கம் முழுவதும். கேள்விக்குறிகளையும் கேள்விக்குறி என்றே படித்தேன்.

"உன் மாமன் பேரு எங்கயாவது இருக்குதா?"

"மாமாவுக்குக் கடையே இல்லையே அத்தை. எப்டி இருக்கும்?"

"பின்பக்கம்?"

திருப்பிக் காட்டினேன். வெறும் தாள். அத்தை அந்த வெறும் பக்கத்தை விரலால் மெல்லத் தடவிப் பார்த்தார்.

"இன்னொரு வாட்டி படி. ஒண்ணு விடாம படி."

என் பட்டியல் அத்தைக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். முதுகை நிமிர்த்திக்கொண்டு, இந்த முறை ஒவ்வொரு பெயரையும் நிறுத்தி நிறுத்தி, தெருவுக்கே கேட்கும்படி உரக்கப் படித்தேன்.