முகம் எழுதாத துணி

எண்பதுகளின் இறுதியில், லண்டன் வெம்பிளியில் எங்கள் வீட்டுக்கு அருகிலிருந்த நூலகத்துக்குச் சனிக்கிழமை பின்னேரங்களில் ஒரு மொரோக்கோக்காரர் வருவார். கதை சொல்லச் சொல்ல, சுவரில் தொங்கும் நீளத் துணியில் கறுப்பு மையால் அதை வரைந்துகொண்டே போவார். அவரிடம் ஒரு நியதி இருந்தது: கதையில் புறப்பட்டவன் வீடு வந்து சேரும்வரை அவனுக்கு முகம் வரைவதில்லை.

புதுக் கதைக்குப் பயணி யாரென்று ஒருநாள் எங்களைக் கேட்டார். சைக்கிளில் போகும் உயரமான பையன் என்றேன். யாழ்ப்பாணத்தில் டியூசனுக்குப் போய்த் திரும்பாத என் அண்ணா அவன் என்பதைச் சொல்லவில்லை. வீட்டில் எவரும் பேசாத ஒருவனை, யாரையும் கேளாமல், அந்நியர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டேன்.

வாரந்தோறும் பயணி மணலையும் கடலையும் கடந்தான். ஹீட்டரின் வெப்பக்காற்றில் துணி அசையும்போது, முகமிருக்க வேண்டிய வெள்ளை எங்கள் பக்கம் திரும்புவதுபோல் இருக்கும். "மூக்கில்லாதவனுக்குத் தடிமன் வந்தால் எதைச் சிந்துவான்?" என்று ஒரு பையன் கேட்டான். யாரும் சிரிக்கவில்லை.

நான்காம் வாரம் என்னைக் கூட்டிப்போக வந்த அம்மா, துணியிலிருந்த தோள்களின் சரிவைப் பார்த்து நின்றுவிட்டார்.

"அண்ணாவைச் சொன்னனியோ?"

"ஓம்."

"முகத்தையும் மையால கீறச் சொல்லு. கீறினால் பிள்ளை வந்திடுவான்."

டாக்டரிடமும் கவுன்சிலிலும் அம்மாவுக்கு மொழிபெயர்ப்பவள் நான்தான். கதைசொல்லியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தூரிகையைக் கீழே வைத்து, இல்லையென்று தலையாட்டினார். வராதவனுக்கு முகம் வரைவது அவன் வரும் கதவைச் சாத்துவதாகும், தம்மால் இயலாது, அம்மாவிடம் சொல் என்றார்.

அம்மாவைப் பார்த்தேன். "அடுத்த சனி கீறுவாராம்," என்றேன்.

அடுத்த சனி அம்மா கூறைச்சேலை உடுத்து, முன்வரிசையில், குழந்தைகளின் குட்டி நாற்காலியில் அமர்ந்திருந்தார். பயணி அன்று ஒரு கதவடிவரை வந்தான். கதைசொல்லி அம்மாவை நெடுநேரம் பார்த்துவிட்டு, முகம் வரையாமலே தூரிகையைக் கழுவினார்.

பஸ்ஸில் அம்மா யன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "அந்த மனுசன் தலையாட்டினதிலேயே எனக்கு அண்டைக்கே விளங்கிட்டுது."

நான் அழத் தொடங்கினேன்.

"அழாதை. இண்டைக்கு என்னவாம்?"

அன்று கதைசொல்லி என்னிடம் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. "அடுத்த சனியாம்," என்றேன்.

"சரி. அப்ப வருவம்."

அம்மா என் பொய்யை மன்னித்துவிட்டாரென்று எண்ணி, அவர் தோளில் சாய்ந்து உறங்கிப்போனேன். அண்ணாவுக்காகக் காத்திருக்க இன்னும் ஒரு வாரத்தைத்தான் அவர் என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.