நாலு மூலையிலும் மஞ்சள்

1. பன்னீர்

ஆயுத பூஜைக்கு மறுநாள் ராஜி அக்கா தன் கம்ப்யூட்டரைக் கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு கடைக்குள் வந்தார். பெட்டியின் முன்பக்கம் மூன்று பட்டை விபூதி, நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். பவர் பட்டனுக்குத் தனியாக ஒரு பொட்டு. மேலே உள்ள காற்றுத் துளையில் சாமந்தி இதழ் ஒன்று செருகியிருந்தது.

"கோமதி, ரோசாக் ஆயிருச்சும்மா. நேத்து பூஜை வரைக்கும் நல்லாதான் ஓடுச்சு. காலைல அமுக்குறேன், அமுக்குறேன், லைட்டே எரியல."

முதலாளி பஷீர் பாய் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "மவுஸுக்குக் கீழ எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கலையா ராஜி?"

"கிண்டல் பண்ணாதீங்க பாய். லாரிக்கு வைக்கிறாங்க, கம்ப்யூட்டருக்கு வச்சா என்னவாம்? எனக்குச் சோறு போடுற மெஷினு."

"லாரி மேல பன்னீர் தெளிச்சா கீழ வழிஞ்சிரும். இதுக்குத்தான் தலையில ஓட்டை இருக்குலா!"

மூடியைக் கழற்றினேன். ரோஜா வாசனை அடித்தது. மதர்போர்டில் பன்னீர் காய்ந்து, ஓரங்களில் பச்சை பூத்திருந்தது. போர்டு போய்விட்டது. ஹார்டு டிஸ்க் மட்டும் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் இருந்தது.

"போர்டுதான் போச்சு அக்கா. டிஸ்க் நல்லா இருக்கு. கழற்றி நம்ம மெஷின்ல மாட்டினா ஃபைல் எல்லாம் வந்துரும்" என்றேன். அந்த வார்த்தையை அவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கக் கூடாது.

காஜா பெராங் கடைத்தெருவில் எங்கள் கடைக்கு நாலு கடை தள்ளி ராஜி அக்காவின் மேசை. அரசாங்க போராங் படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு நிரப்பிக் கொடுத்து, பத்திரங்களை ஸ்கேன் செய்து வைப்பார். நான் அப்போது வேலைக்குச் சேர்ந்து ஒன்பது மாதம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான்தான். சட்டையில் "டெக்னீஷியன்" என்று தைத்திருந்த இடத்தை அம்மா தினமும் தனியாக இஸ்திரி போடுவார்.

2. நான் போட்ட பூட்டு

டிஸ்கை மாட்டினேன். கோப்புகள் வரவில்லை. வேறு மெஷினில் மாட்டியதால், பூட்டைத் திறக்கும் ரிக்கவரி கீயைக் கேட்டு ஒரு கட்டம் வந்தது. நாற்பத்தெட்டு இலக்கம்.

அந்தப் பூட்டைப் போட்டது நான்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், அக்காவுக்கு இந்த மெஷினை விற்றபோது, "உங்ககிட்ட ஊர்ச் சனங்களோட ஐ.சி. அட்டை நகல் எல்லாம் இருக்கு அக்கா, திருடு போனாலும் யாரும் தெறக்க முடியாதபடி செஞ்சு தரேன்" என்று டிஸ்க் முழுவதையும் என்கிரிப்ட் செய்தேன். கீயை அச்சடித்து, அழகாகச் சின்னச் சீட்டாக வெட்டி, "இதைப் பத்திரமா வைங்க" என்று கையில் கொடுத்தேன். அது எதற்கு என்று சொல்லவில்லை. கடையிலும் ஒரு நகல் வைக்கவில்லை. இப்போது அந்தச் சீட்டு எங்கே என்று கேட்டேன்.

"என்ன சீட்டு?" என்றார் அக்கா.

அந்த நேரத்தில்தான் அக்காவைத் தேடிக்கொண்டு முனுசாமி ஐயா உள்ளே வந்தார். உஜோங் பாசிரில் காவலாளி வேலை. மெர்டேக்காவுக்கு, நாடு விடுதலை பெற்றதற்கு, முன்னால் ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் இல்லாததால் இத்தனை வயதிலும் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐ.சி. அடையாள அட்டைதான். தோட்டத்து ஆபீஸ் எழுத்தரான கிராணி கைப்பட எழுதிக் கொடுத்த பிறப்புச் சீட்டு ஒன்றுதான் அவரிடம் இருந்த சாட்சி. அதைப் பதிவிலாகா அதிகாரி ஏற்கனவே பார்த்து, முத்திரை குத்தி, திருப்பிக் கொடுத்திருந்தார். அதன்பின் ஒரு மழையில் கூரை ஒழுகி அந்தச் சீட்டு கூழாகிவிட்டது. முத்திரையோடு அக்கா எடுத்த ஸ்கேன் மட்டும்தான் மிச்சம். மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் குடியுரிமைக்கான நேர்முகம்.

அக்கா நடந்ததைச் சொன்னார். ஐயா என்னைப் பார்த்தார்.

"நான் பொறந்ததையே பொட்டிக்குள்ள போட்டுப் பூட்டிட்டியாம்மா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். என்னால் சிரிக்க முடியவில்லை.

"ஃபார்மட் பண்ணி எல்லாத்தையும் அழிச்சிட்டு வேற மெஷின் குடுத்துரு" என்று பாய் வாய் தவறிச் சொல்லிவிட்டு, ஐயாவின் முகத்தைப் பார்த்ததும் "இல்ல, இல்ல, கை வைக்காத, அப்படியே இருக்கட்டும்" என்றார்.

3. சாமி மேடை

மேசை இழுப்பறை, கைப்பை, பில் கட்டு என்று அக்கா எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தார். எங்கும் இல்லை. அவருக்கு அழுகை வந்துவிட்டது.

எனக்கு எங்கள் வீடு ஞாபகம் வந்தது. என் எஸ்.பி.எம். பள்ளி இறுதித் தேர்வு முடிவு வந்த அன்று, அதைப் படிக்கத் தெரியாத அம்மா, முக்கியமான தாள் என்று மட்டும் புரிந்துகொண்டு சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். பாலிடெக்னிக் கடிதமும் அங்கேதான் போனது.

"அக்கா, நான் பத்திரமா வைங்கன்னு சொன்னதும், வீட்டுல எங்க வச்சீங்க? சாமி மேடையிலயா?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, மாரியம்மாவுக்குப் பின்னாடி!"

அரை மணி நேரத்தில் சீட்டோடு ஓடி வந்தார். முகமெல்லாம் வெற்றி. நான் சீட்டைத்தான் பார்த்தேன். கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுவதுபோல, சீட்டின் நாலு மூலையிலும் ஈர மஞ்சள்.

"புதுத் தாளை வெறுமனேவா சாமிகிட்ட வைக்கிறது? இந்த பூஜைக்கும் ஒரு தடவை வச்சேன்" என்றார் அக்கா.

கீ இரண்டு வரியாக அச்சாகியிருந்தது. வரிக்கு நாலு தொகுதி, தொகுதிக்கு ஆறு இலக்கம். மூலைக்கு ஒன்றாக நாலு இலக்கங்கள் மஞ்சளில் கரைந்து கறையாகியிருந்தன.

"நாலுதானே, ஒவ்வொண்ணா போட்டுப் பாரு" என்றார் பாய்.

"பத்தாயிரம் தடவை போடணும் பாய்."

"அலாமா!"

4. பதினொன்று

பாலிடெக்னிக்கில் ஒரு வகுப்பில் கேட்டது அப்போது நினைவுக்கு வந்தது: அந்தக் கீயின் ஒவ்வொரு தொகுதியும் பதினொன்றால் மிச்சமின்றி வகுபடும். தப்பாக அடித்தால் கண்டுபிடிப்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். பதினொன்றால் வகுபடுமா என்று பார்க்கும் வழி பள்ளியிலேயே தெரியும். இலக்கங்களை ஒன்று விட்டு ஒன்றாகக் கூட்டினால் வரும் இரண்டு தொகையும் சமமாக இருக்க வேண்டும், அல்லது பதினொன்றோ அதன் மடங்கோ வித்தியாசப்பட வேண்டும்.

ரசீதின் பின்புறம் எழுதினேன். முதல் தொகுதியில் முதல் இலக்கம் இல்லை. பிறகு 3, 8, 2, 1, 5. மூன்றும் இரண்டும் ஐந்தும் பத்து. எட்டும் ஒன்றும் ஒன்பது. அப்படியானால் மறைந்தது ஒன்று. தொகுதிக்கு ஒரு இலக்கம் மட்டும் போனதால் மறைந்த மற்ற மூன்றும் அப்படியே வந்தன.

அக்கா சீட்டைப் பார்த்து இலக்கம் இலக்கமாக வாசித்தார். நான் தட்டினேன். ஐயா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டார்.

பூட்டு திறந்தது. உள்ளே இன்னொரு தடை: அக்காவின் கோப்புறைக்கு அனுமதி இல்லை என்றது. அது வேறு மெஷினில் மாட்டியதால் வருவது. உரிமையை என் பெயருக்கு மாற்றியதும் வழிவிட்டது. எதையும் திறப்பதற்கு முன், எல்லாவற்றையும் இன்னொரு டிஸ்குக்கு நகல் எடுத்தேன். பிறகுதான் தேடினேன்.

கிராணியின் சாய்ந்த கையெழுத்து திரையில் வந்தது. கீழே முத்திரை. ஐயா விரலை நீட்டி, திரையைத் தொடாமல், தன் அம்மாவின் பெயர் இருந்த இடத்தைக் காட்டினார். "அஞ்சலை. அதான், அதான்."

பாய் காசு வாங்காமல் நல்ல தாளில் மூன்று பிரதி அடித்துக் கொடுத்தார்.

ஏழெட்டு மாதம் கழித்து ஐயா கடைக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து குடிமக்களுக்கான நீல ஐ.சி.யை எடுத்து மேசையில் வைத்தார். கூடவே பதிவிலாகா கொடுத்த குடியுரிமைப் பத்திரம். அக்கா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கைப்பையிலிருந்து மஞ்சள் டப்பாவை எடுத்தார்.

வேலையில் நான் கற்றது இதுதான். பூட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டால் நம் வேலை முடிந்துவிடாது. சாவி எதற்கு என்று வாடிக்கையாளர் தன் வாயால் திருப்பிச் சொல்லும்வரை வேலை பாதியில்தான் இருக்கிறது. அவர் பத்திரம் என்று நினைக்கும் இடம் எது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அக்காவின் கையைப் பிடித்து நிறுத்தினேன். பத்திரத்தை ஸ்கேன் செய்து மூன்று இடத்தில் போட்டு, மூன்றையும் திறந்து பார்த்தேன்.

"இப்பத் தடவுங்க அக்கா" என்றேன்.