ஒன்பதாம் கேள்விக்கு நான் எழுதிய பெயர்

"இரவுக் காவலர் என்று தாங்கள் விண்ணப்பத்தில் குறிப்பிட்ட நபர், தம்மை எவரும் காவலுக்கு வைக்கவில்லை என்கிறார். அவர் மீதான சந்தேகமும் இன்னும் நீங்கவில்லை. இவற்றில் எது உண்மையானாலும் தங்கள் கோரிக்கையை ஏற்க இயலாது."

1981 செப்டம்பர் 3 தேதியிட்ட இந்தக் கடிதம் வேலூரிலிருந்த ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்திலிருந்து வந்தது. மூலம் ஆங்கிலம்; தமிழாக்கியது நான். செப்டம்பர் 9 அன்று கைக்கு வந்ததாக உறையின் மூலையில் பென்சிலால் குறித்திருக்கிறேன். 'எது உண்மையானாலும்' என்ற இடத்தில் அன்று நான் அழுத்திக் கோடு போட்டதில் தாள் கிழிந்திருக்கிறது. ஒரு மனிதனைப் பொய்யன் அல்லது திருடன் என்று சொல்லிவிட்டு, இரண்டில் எதுவென்று பார்க்கத் தங்களுக்கு அவசியமில்லை என்றும் எழுத முடிந்தவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அந்த மனிதனின் பெயரை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தவன் நான்தான். என்னையும் மன்னிக்கவில்லை.

நான் அப்போது ஜவ்வாது மலையில் ஓர் ஊரில் பள்ளி ஆசிரியர். பள்ளிக்குப் பக்கத்து நிலம் ஒரு சாமை விவசாயியுடையது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவரை அண்ணா என்றுதான் அழைப்பேன். மலைமேல் அன்று பொதி சுமந்தவை மட்டக்குதிரைகள். புளியும் சாமையும் அவற்றின் முதுகில்தான் அடிவாரம் இறங்கின. 1978 நவம்பரில் அவருடைய குதிரைக்கு முன்கால் முறிந்தது. வேலூர் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லை. நான்காம் நாள் பாதையோரத்திலேயே செத்தது.

அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ராணுவம் கழித்துப்போட்ட ஜீப் டிரெய்லர் ஒன்றை 1979 பிப்ரவரியில் ஏலத்தில் எடுத்தேன். கணியம்பாடியில் ஒரு தச்சர் அதற்கு நெஞ்சுயரம் பலகை அடைத்து, பின்னால் குதிரை ஏறுவதற்குச் சாய்வுப் பலகை ஒன்றும் பொருத்தினார். இழுக்க ஜீப் வேண்டுமே? வாணியம்பாடியிலிருந்து தோல் மண்டிகளுக்காகக் கடுக்காய் வாங்க வரும் பாய் ஒருவர் ஜீப் வைத்திருந்தார். கேட்டதும் சம்மதித்தார்.

"குதிரைக்குக் கார் வாங்கின மொத வாத்தியாரு நீங்கதான் சார். நாளைக்கு அதுங்க கண்டக்டர் கேக்கும், பாத்துக்குங்க" என்றார்.

இரண்டு வருடத்தில் ஒன்பது குதிரைகளை அதில் ஏற்றி வேலூருக்குக் கொண்டுபோனோம். ஏழு பிழைத்தன. அண்ணா வாங்கிய புதுக்குதிரை அந்த ஏழில் ஒன்று.

அத்துடன் விட்டிருக்கலாம். ஆனால் எதையும் எழுத்தில் வைத்துக்கொள்ளாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பாயின் ஜீப்புக்கு இன்ஷூரன்ஸ் இருந்தது, டிரெய்லர் வண்டிக்கு இல்லை. மலைமேல் எதற்கு என்று எல்லோரும் சிரித்தபோதும், ஒரு ஏஜெண்டைக் கடிதம் போட்டு வரவழைத்தேன். 1979 நவம்பர் 20 அன்று பஸ்ஸில் வந்து இறங்கினார். தோல்பை, கண்ணாடி, நல்ல பேச்சு. வண்டியை இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தார். நிலையான ஒன்றோடு சங்கிலியால் பிணைத்துப் பூட்ட வேண்டும், அது விதி என்றார். மறு வாரமே திண்டுக்கல் பூட்டு ஒன்றும் ஆறடிச் சங்கிலியும் வாங்கி வந்து, வண்டியின் முன்தண்டு நுனியிலிருந்த வளையத்தைப் பள்ளிக்கூடத்துப் பலாமரத்தோடு சேர்த்துப் பூட்டினேன்.

அண்ணா வேலி ஓரமாக நின்று பார்த்தார்.

"இன்னா வாத்தியாரே, பலாமரத்துக்கு வெலங்கு மாட்டிட்ட?"

"விதி அண்ணா. பூட்டணுமாம்."

"எங்க ஊர்ல யாரு திருடன்னு சொல்லு. அவன் கையில மாட்டிடலாம். மரம் இன்னா பண்ணிச்சு?"

அவர் பாதி விளையாட்டாகத்தான் சொன்னார். மீதிப் பாதி எனக்குப் புரியாமலில்லை. அந்த ஊரில் புளியை உலுக்கி மரத்தடியிலேயே குவித்துவிட்டுப் போவார்கள். குவியல்மேல் புல்லைத் திரித்து ஒரு முடிச்சுப் போட்டு வைப்பார்கள். அது இருந்தால் ஒருவரும் தொடமாட்டார்கள். வாரக்கணக்கில் கிடந்த விறகுக் கட்டுகளை நானே பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட ஊரில் முதல் பூட்டைத் தொங்கவிட்டவன் நான்.

"வெளியூர்க்காரன் வருவான்னு பயமா?" என்று அவரே தொடர்ந்தார். "அப்பிடின்னா ரெண்டு சக்கரத்தையும் கழட்டி வூட்டுக்குள்ள போட்டுக்க. அஞ்சு அஞ்சு நட்டு. சக்கரம் இல்லாதத எவன் தள்ளிக்கினு போவான்?"

எவ்வளவு நேரான யோசனை! அன்றே ஏஜெண்டுக்கு எழுதிக் கேட்டேன். அடுத்த முறை வந்தபோது அவர் தலையை ஆட்டிவிட்டுச் சொன்னார்: "சக்கரம் இல்லன்னா அது வண்டி இல்ல சார், பெட்டி. பெட்டிக்கு வேற ஃபாரம். கழட்டி வெச்ச நேரத்துல இன்னா நடந்தாலும் கம்பெனி பொறுப்பு இல்ல."

நானும் கழற்றாமல் விட்டேன். வண்டியைக் காப்பாற்றும் வழி ஒன்று, இன்ஷூரன்ஸைக் காப்பாற்றும் வழி இன்னொன்று; நான் எதைப் பிடித்துக்கொண்டேன் என்று பாருங்கள்.

ஒன்பதாம் கேள்விக்கு வருகிறேன். 'இரவில் வண்டி யாருடைய காவலில் இருக்கும்?' முதல் நாள் விண்ணப்பத்தை நிரப்பும்போது அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தேன்.

"காலியா வுட்டா திரும்பி வந்துடும் சார்" என்றார் ஏஜெண்ட். "யாராவது ஒரு பேரு போடுங்க. மலை ஏறி வந்து எவன் பாக்கப் போறான்?"

வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே அண்ணா தம் குதிரையை மேய்ச்சலுக்கு அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவர் பெயரை எழுதினேன். பெயர் மட்டும் போட்டிருந்தால்கூட ஏதோ தப்பித்திருக்கும். தகப்பனார் பெயர், வயது, பள்ளிக்கு வடகிழக்கே எத்தனை கெஜத்தில் வீடு என்பதுவரை எழுதினேன். எழுதிய பிறகாவது ஜன்னல் வழியே கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. ஏஜெண்டுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். அது ஒரு காரணமா!

1981 ஏப்ரல் 4 அன்று தேர்வுப் பணிக்காகப் போளூர் இறங்கினேன். திரும்பியது 8ஆம் தேதி பகல். பலாமரத்தில் சங்கிலி அப்படியே இருந்தது. பூட்டு உடையவில்லை. வளையமும் அதிலேயே தொங்கியது. வளையத்தை முன்தண்டோடு பிணைத்திருந்த இரண்டு போல்ட்டுகளை மட்டும் யாரோ ஸ்பேனர் வைத்துக் கழற்றிவிட்டு, வண்டியைக் கொண்டுபோயிருந்தார்கள். சாலையோரம் லாரிச் சக்கரத்தின் தடம். மரம் ஏற்றும் லாரிகள் தினமும் போகிற சாலை அது; யாரும் தலைநிமிர்ந்து பார்த்திருக்கவில்லை. சக்கரம் இருந்த வண்டி, உருட்டி ஏற்றிவிட்டார்கள். கழற்றி வைத்திருந்தால் நான்கு பேர் சேர்ந்தும் அதை அசைத்திருக்க முடியாது.

பூட்டின்மேல் பச்சை வாடாத ஒரு புல்முடிச்சு இருந்தது. நான் ஊரில் இல்லை என்று அண்ணா தாமாகவே வந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார். மரத்துக்கு விலங்கு மாட்டியதாக என்னைக் கேலி செய்தவர்தான், யாரும் கேட்காமலே அதற்குத் தம் காவலையும் வைத்தார்.

மறுநாள் அடிவாரக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன்; அன்றே இன்ஷூரன்ஸ் அலுவலகத்துக்கும் இழப்பீடு கேட்டு எழுதினேன். இன்ஷூரன்ஸ் விண்ணப்பத்தின் கார்பன் நகலையும் ஒழுங்காகப் பின்னால் குத்திக் கொடுத்தேன். ஏப்ரல் 10 அன்று காலை சப்-இன்ஸ்பெக்டர் இரண்டு காவலர்களோடு வந்தார். முதலில் முடிச்சைப் பார்த்தார்.

"இது இன்னா அடையாளம்? யாருக்கு சிக்னலு?"

அண்ணா புளி உலுக்கிக்கொண்டிருந்த கம்போடு வந்து நின்றார். "சிக்னலு இல்லீங்க. தொடக்கூடாதுன்னு போடறதுங்க. நான்தான் போட்டேன்."

"நீதான் போட்டியா? பூட்டு ஒடையல, முடிச்சு அவுழல. வண்டி மட்டும் பறந்துடுச்சா? காகிதத்துல உன் பேருதான் இருக்குது. ராத்திரி காவலு நீ."

"இன்னா காவலு? யாருக்குக் காவலு?" என்று கேட்டுவிட்டு அண்ணா என்னைப் பார்த்தார்.

நான் வாயைத் திறந்தேன். "அது சும்மா ஒரு விதிக்காக..." என்று ஆரம்பித்ததை யாரும் கேட்கவில்லை. கம்பைக் கீழே போடச் சொல்லி அவரை ஜீப்பில் ஏற்றினார்கள்.

பதினொன்றாம் தேதி பஸ் பிடித்துப் போனேன். அண்ணா நிலையத்தின் பின்பக்கச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். இடது கன்னம் வீங்கியிருந்தது. சப்-இன்ஸ்பெக்டரிடம், அவரைக் கேட்காமலே நான்தான் பெயரை எழுதினேன், அவர் இரவுக் காவலர் இல்லை என்றேன்.

சப்-இன்ஸ்பெக்டர் சிரித்தார். "அப்ப இன்ஷூரன்ஸ்காரங்களுக்குப் பொய் எழுதிருக்கீங்க. எழுத்துல குடுங்க சார், நானே அனுப்பி வெக்கறேன். இவன வுட்டுடறேன்."

இந்த இடத்தை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன். உடனே எழுதிக் கொடுக்கவில்லை. எழுதினால் இன்ஷூரன்ஸ் போகும், பொய் எழுதிய ஆசிரியர் என்று வேலைக்கும் கேடு வரலாம் என்று நினைத்தேன். யோசித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு, சுவரோரம் திரும்பாமல் வெளியே வந்தேன். அன்றிரவு போளூரில் தெரிந்தவர் வீட்டில் தங்கிச் சாப்பிட்டேன். பன்னிரண்டாம் தேதி காலை பத்து மணிக்குத்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாலையில் அவரை விட்டார்கள். நான் யோசித்த அந்த ஓர் இரவுக்கு என்ன விலை என்று அவர் நடந்த நடையில் தெரிந்தது.

பாய் ஜீப்போடு வந்து காத்திருந்தார். மூவரும் மலை ஏறினோம். பாதி வழியில் பாய்தான் பொறுக்கமாட்டாமல், "சார், திருடன் போல்ட்டத்தான் கழட்டினான். நீங்க ஆளையே கழட்டிட்டீங்களே" என்றார். கோபத்தில் சொன்னார்.

ஊரில் இறங்கும்போது அண்ணா ஒன்றே ஒன்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

"அந்த ஒன்பதாம் நெம்பர்ல உன் பேர எழுதியிருக்கலாமே, வாத்தியாரே. நீயும் இங்கதான கீற?"

அதற்குப் பிறகு என்னோடு பேசாமல் இருந்தாரா என்றால் இல்லை. குதிரைக்கு உடம்பு சரியில்லை என்றால் வந்து சொல்வார். ஆனால் எழுத்து வேலை எதுவானாலும், மகளின் சாதிச் சான்றிதழ் விண்ணப்பம் உட்பட, போளூர் தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதுகிறவரிடம் போய் எழுதி வாங்கி வந்தார். வேலிக்கு இந்தப் பக்கம் நான் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன்.

அவர் பெயர் காகிதத்திலிருந்து போகவில்லை. அடிவாரத்தில் எங்கே ஆடு காணாமல் போனாலும், மோட்டார் காணாமல் போனாலும், ஒரு காவலர் மலை ஏறி வந்து அவரை விசாரித்தார். 1981 முதல் 1986 வரை நான் குறித்து வைத்தது பதினோரு முறை. அவர் மீது சந்தேகம் இல்லை என்று ஒரு வரி எழுதித் தரும்படி இன்ஷூரன்ஸ் அலுவலகத்துக்கு ஆறு கடிதம் போட்டேன். ஒன்றுக்கு மட்டும் பதில் வந்தது: கோப்பு முடிக்கப்பட்டுவிட்டது. காவல் நிலையத்துக்கு நான்கு மனு. பதில் இல்லை. வண்டி கிடைக்கவேயில்லை, அதைப் பற்றி இப்போது எனக்குக் கவலையும் இல்லை.

1988 ஜூனில் எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. கிளம்புவதற்கு முன் கடைசியாக நிலையத்துக்குப் போனேன். கட்டடம் மாறியிருந்தது. பழைய சந்தேகப் பேர்வழிப் பதிவேடு கரையான் அரித்து வீணாகிவிட்டது, இனி அதில் யார் பெயரும் இல்லை என்றார் ஒரு ஏட்டு. வாசலில் நின்ற இன்னொரு காவலரோ, அரிப்பதற்கு முன்பே பெயர்களையெல்லாம் புதுப் பதிவேட்டில் பார்த்து எழுதிவிட்டோம் என்றார். புதுப் பதிவேட்டைக் காட்டச் சொன்னேன், மறுத்துவிட்டார்கள். அண்ணாவின் பெயர் அதில் இருக்கிறதா இல்லையா என்பதை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை. உறுதிசெய்யப்படாத செய்தி என்றே இங்கே பதிகிறேன்.