ஏழு வீட்டுத் திறப்பும் இருபது நிமிட ஓய்வும்

கேதீஸ்வரிக்குச் சொந்தமாக ஒரு வீடு, பொறுப்பாக ஏழு வீடு. புளியங்கூடலில் அவருடைய ஒழுங்கையிலிருந்த குடும்பங்கள் கனடா, லண்டன், சுவிஸ் என்று போய்விட்டன. பூட்டிய வீடுகளின் திறப்புகள் மட்டும் போகவில்லை. அவை அவருடைய குசினிச் சுவரில் ஏழு ஆணிகளில் தொங்கின.

தகப்பன் மாத்தறையில் கடை வைத்திருந்தவர். கலவரத்தில் கடை போனபிறகு மகள் சங்கக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கலியாணம் பேசி வந்த மூன்று பேரும் அடுத்தடுத்து வெளிநாடு போனார்கள். அவர்களில் ஒருவருடைய வீட்டுத் திறப்பும் இப்போது கேதீஸ்வரியிடம்தான் இருக்கிறது. முப்பது வருடம் மாவும் மண்ணெண்ணெயும் அளந்து முடித்து இளைப்பாறிய அன்று பொன்னாடை போர்த்தி, "இனி நல்லா ஓய்வெடுங்கோ" என்று அனுப்பினார்கள். அடுத்த கிழமை முதலாவது திறப்பு வந்தது.

முன்பு வீட்டுக்காரர்கள் மாதத்துக்கு ஒருமுறை அழைப்பார்கள். வீடுகளுக்குக் கமரா பூட்டியபின் அவர்களுக்குத் தூரம் குறைந்துவிட்டது.

"கேதீசக்கா, வீட்டு முத்தத்திலை ஆடு நிக்குது."

"அக்கா, கிணத்தடிப் பக்கம் ஏதோ அசையிற மாதிரிக் கிடக்குது, ஒருக்காப் போய்ப் பாருங்கோ."

"அக்கா, நேற்று நீங்கள் படி கூட்டேல்லை என்ன?"

சுவிஸ் விழித்திருக்கும் நேரம் கனடா உறங்கும் என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். கேதீஸ்வரியின் அனுபவத்தில் ஒரு நாடும் உறங்குவதில்லை. தொலைபேசி அடிக்கும்போது நெஞ்சு திக்கென்றது. கொஞ்சக் காலத்தில் அது அடிக்காதபோதும் திக்கென்றது.

இத்தனைக்கும் நடுவில் அவருடைய இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. உலகம் பால் கலந்த தண்ணீருக்குள் கிடப்பதுபோல் தெரிந்தது. வலது கண்ணுக்கு முதலில் சத்திரசிகிச்சை என்று இரண்டு தரம் திகதி கொடுத்து, இரண்டு தரமும் பிரஷர் கூடிப்போய்த் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது திகதிக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது. இதையும் தவறவிட்டால் அடுத்த வருடம்தான்.

கிளினிக்கில் தாதி நிருஜா பிரஷர் பட்டியைக் கழற்றிக்கொண்டு சொன்னாள். "அன்ரி, குளிசை காணும், இன்னும் கூட்டத் தேவையில்லை. உங்கடை நரம்புக்குத்தான் ஓய்வில்லை. ஃபோன் அடிக்குமோ, அடிக்குமோ எண்டு எந்நேரமும் விறைச்சுக்கொண்டு நிக்குது."

கருவாட்டைக் குறைக்க வேண்டும், நாலு மணிக்குப் பிறகு தேத்தண்ணி கூடாது, பின்னேரம் கொஞ்சம் நடக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் இருபது நிமிடம் ஃபோனை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடி இருக்க வேண்டும். நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விட வேண்டும்.

"மனசு வேறை எங்கையும் போனா ஏசாதேங்கோ. மெல்லக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"ஆட்டைப் பிடிச்சுக்கொண்டு வாற மாதிரியோ, பிள்ளை?"

"ஓம் அன்ரி, அதேதான்."

அமைதியான இடமாகப் பார்த்து இருக்கச் சொன்னாள். எட்டு வீட்டிலும் அமைதியானது ரொறன்ரோ பிரேமினியின் வீடு. மேல்மாடியும் பளிங்குத் தரையுமாகக் கட்டிய அந்த வீட்டில் பிரேமினி இதுவரை இருந்தது மொத்தம் பத்தொன்பது நாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கேதீஸ்வரி அந்த வீட்டு விறாந்தையில் கதிரையைப் போட்டு, படலையை உள்ளால் பூட்டி, ஃபோனை நிறுத்தி, கண்ணை மூடினார். நாலு எண்ணினார், ஆறு எண்ணினார். ஆட்டை இரண்டு தரம் பிடித்து வந்தார். மூன்றாம் தரம் ஆடும் அவரும் சேர்ந்து நித்திரையாகிவிட்டார்கள். தலை ஒருபக்கம் சரிந்தது. வாய் திறந்தது.

படலை அதிர்ந்த சத்தத்தில்தான் விழித்தார். பக்கத்து வீட்டுக் கனகசபை, அறுபத்தெட்டு வயதில், படலைக்கு மேலால் ஒரு காலைப் போட்டபடி நின்றார். வெளியே அவருடைய ஓட்டோ. அதற்குப் பின்னால் பாதி ஒழுங்கை.

"கேதீசு! நீர் செத்துப்போனீர் எண்டெல்லோ கனடாவிலை சொல்லுகினம்!"

"செத்தா முதல்ல உங்களுக்கெல்லோ அண்ணை சொல்லுவன். காலை எடுங்கோ, படலை முறியப்போகுது."

நடந்தது இதுதான். நித்திரை வராமல் கமராவைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த பிரேமினி, கேதீசக்கா தலை சரிந்து அசையாமல் கிடப்பதைக் கண்டாள். அழைத்தாள். ஃபோன் ஓய்விலிருந்தது. உடனே கனகசபைக்கு அழைத்தாள். அவர் வந்து சேர்வதற்குள் ஊர்ச் சங்கத்து வட்ஸ்அப் குழுவில் செய்தியையும் போட்டுவிட்டாள்.

கனகசபை தன் ஃபோனிலிருந்த அஞ்சலிகளை ஒவ்வொன்றாக உரத்து வாசித்தார். போன கிழமை ஒட்டறைக்காக ஏசிய லண்டன்காரர், "எங்கள் வீட்டைக் கோயில்போல் வைத்திருந்த உத்தமி" என்று எழுதியிருந்தார். கலியாணம் பேசி வந்தவர் இரண்டு கண்ணீர் முகமும் ஒரு விளக்கும் போட்டிருந்தார். சுவிஸிலிருந்து வந்தது மட்டும் சுருக்கமாக இருந்தது: "ஆழ்ந்த அனுதாபம். திறப்பு இப்ப ஆரிட்டை?"

உயிருடன் இருப்பதை உறுதிப்படுத்த வேண்டுமென்று கனகசபை அவரை அப்படியே கிளினிக்குக்குக் கொண்டுபோனார். பிரஷர் நூற்றுத் தொண்ணூறு.

"ஓய்வெடுத்துப்போட்டு வந்த பிரஷரோ இது?" என்று நிருஜா கேட்டாள்.

"எடுத்தது நான். கலைச்சது ஊர்."

அன்று பின்னேரம் பிரேமினி அழுதுகொண்டு அழைத்தாள். கேதீஸ்வரி முதல்தடவையாக ஒரு வீட்டுக்காரருக்குக் கட்டளையிட்டார். "எனக்குக் கண் வேணும், பிள்ளை. பதினைஞ்சு நாளைக்கு ஒருத்தரும் எனக்குக் கோல் எடுக்கப்படாது. எல்லாருக்கும் நீரே சொல்லும்."

"சரியக்கா. ஆனா கமராவுக்கு முன்னாலையே இருங்கோ. அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்காக் கையை ஆட்டினியளெண்டா எனக்கு நிம்மதி."

"கையை ஆட்டிக்கொண்டு என்னெண்டு தியானம் செய்யிறது?"

பேரம் பேசி, தொடங்கும்போது ஒருமுறை, முடியும்போது ஒருமுறை என்று முடிவாயிற்று.

ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு, விறாந்தைக் கூரையின் வலது மூலையில் மங்கலாகத் தெரிந்த உருண்டையைப் பார்த்துக் கையாட்டிவிட்டு இருந்தார். ஃபோன் அடிக்கவில்லை. கருவாடு இல்லாத சோறு நாலாம் நாள் பழகிவிட்டது. ஆறாம் நாள் கண் விழித்தபோது மணி பதினொன்று. நாற்பது நிமிடம் கூடிப்போயிருந்தது. கனகசபையின் கால் எந்த நிமிடமும் படலைக்கு மேலால் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. யாரும் வராதது அவரைக் கலக்கியது. பிரேமினிக்கு மூன்று தரம் அழைத்தார். பதில் இல்லை. கனகசபைக்கு அழைத்தார்.

"அண்ணை, பிரேமினி ஃபோன் எடுக்கிறாவில்லை. எனக்குப் பயமாக் கிடக்குது."

"அதுக்கு? நான் ஓட்டோவிலை கனடாவுக்குப் போகவோ?"

பின்னேரம் பிரேமினி அழைத்தாள். குரலில் கூச்சம். "உங்களைப் பாத்துக்கொண்டே நித்திரையாப் போனனான் அக்கா. ரெண்டு வருசத்திலை குளிசை போடாமல் வந்த முதல் நித்திரை."

கேதீஸ்வரி அடுத்த நாளிலிருந்து பத்து மணி பிந்தாமல் பார்த்துக்கொண்டார். இருப்பது இப்போது இரண்டு பேருக்காக.

சத்திரசிகிச்சையன்று பிரஷர் நூற்று முப்பத்துநாலு. இந்த முறை உள்ளே கூட்டிப் போனார்கள். மறுநாள் கண்கட்டை அவிழ்த்தார்கள். ஒரு கிழமை தன் வீட்டிலேயே இருந்துவிட்டு, பத்து மணிக்குப் பிரேமினியின் விறாந்தைக்கு வந்து கதிரையில் அமர்ந்து, வலது மூலையைப் பார்த்துக் கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது.

அங்கே இருந்தது ஒரு குளவிக்கூடு. மண்ணால் கட்டிய நல்ல உருண்டையான கூடு. திரும்பிப் பார்த்தார். கமரா பின்னால் இடது மூலையில், வெள்ளை நிறத்தில், அவருடைய முதுகுப்பக்கத்தைப் பார்த்தபடி இருந்தது.

ஃபோனைத் திறந்தார். "பிரேமினி, இவ்வளவு நாளும் நான் ஆருக்குக் கையாட்டினனான்?"

"அதைத்தானக்கா நானும் ஒவ்வொரு நாளும் யோசிக்கிறனான். அந்தப் பக்கம் ஆர் நிக்கினம் எண்டு யோசிச்சுக்கொண்டே கண் சொருகியிடும்."

"ஏனடி சொல்லேல்லை?"

"சொன்னா உங்களுக்குப் பிரஷர் ஏறுமெல்லோ."

ஃபோனை நிறுத்தினார். புதுக்கண்ணுக்கு விறாந்தை முழுவதும் ஒட்டறை தெரிந்தது. ஒரு மாதத்துக்கு அண்ணாந்து தட்டக் கூடாது, குனிந்து கூட்டக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தது நல்லதாய்ப் போயிற்று. கேதீஸ்வரி கதிரையைத் திருப்பவில்லை. குளவிகளுக்கு ஒருமுறை கையாட்டிவிட்டு, இரண்டு கண்ணையும் மூடி, நாலு வரை எண்ணத் தொடங்கினார்.