எட்டரை அங்குல ஓட்டை

ஸ்பீக்கர் பெட்டி செய்ய மரம் அறுக்கத் தெரிந்தால் போதும் என்று நினைப்பவர்கள் பலர். செய்து முடித்தபின் சத்தம் எங்கே போனது என்று பெட்டிக்குள் தலையை விட்டுத் தேடியவர்கள் சிலர். நீங்கள் அந்தச் சிலரில் ஒருவரென்றால் பக்கத்தில் உட்காருங்கள், நம்ம கஷ்டத்தைப் பேசுவோம்.

மூலை

செல்போன் எல்லார் கைக்கும் வந்து, இன்டர்நெட் மட்டும் ப்ரவுசிங் சென்டரிலேயே இருந்த காலம். ஓசூர் தொழிற்சாலை ஒன்றில் என் கான்ட்ராக்ட் முடிந்துபோனது. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவோடு ஊத்தங்கரைக்குத் திரும்ப மனமில்லாமல் மத்திகிரி ரோட்டில் ரஃபீக் பாயின் மரப்பட்டறையில் சேர்ந்தேன். அங்கே செய்வது கிச்சன் கபோர்டு, ஆபீஸ் மேஜை, அவ்வளவுதான்.

ஒருநாள் ஆனேக்கல் பக்கமிருந்து ருத்ரப்பா என்கிற பெரியவர் சாக்கில் சுற்றி இரண்டு ஸ்பீக்கர் கொண்டுவந்தார். அவர் நடத்தி மூடிய டூரிங் டாக்கீஸில் பாடியவை. பதினைந்து அங்குலம், காகிதக் கூம்பு, தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் காந்தம். இப்போது வரும் ஸ்பீக்கர் நூறு வாட் தின்று போடுகிற சத்தத்தை இது ஒரு சின்ன ரேடியோவின் பவரிலேயே போட்டுவிடும். பழைய பெட்டியை எலி அரித்துவிட்டதாம். வீட்டில் வைத்துக் கேட்க நல்ல பெட்டி வேண்டும் என்றார்.

"நான் செய்றேன்" என்றேன். எனக்குக் குரல் எழும்பாது. இரண்டு தரம் சொன்ன பிறகுதான் பாய் திரும்பிப் பார்த்தார். "செய். இந்த ஜோடி தேறுச்சுன்னா அந்த மூலை உனக்கு, ஸ்பீக்கர் பெட்டியா செஞ்சுக்க. தேறலைன்னா ஆயுசுக்கும் கபோர்டுக்குக் கீல் முடுக்கணும், சம்மதமா தம்பி?"

மூக்கடைப்பு

முதல் ஜோடியைக் கபோர்டில் மிஞ்சிய பலகையில் செய்யச் சொன்னார் பாய். சின்னப் பெட்டி, பார்க்க அழகு. ருத்ரப்பா கேட்க வந்தார். பாட்டுக்காரர் குரல் பட்டறைக்கு வெளியே ரோடு வரைக்கும் போனது. தவில் மட்டும் எங்கே போனது என்று தெரியவில்லை. பெட்டியைத் தட்டிப் பார்த்தேன், வயரை மாற்றிப் போட்டேன், சுவரோரம் நகர்த்தினேன். வரவில்லை.

ருத்ரப்பா தலையைச் சொறிந்தார். "டாக்கீஸ்ல இது இடி இடிச்சுது. இங்கே மூக்கடைச்சு பாடுது. இன்னொரு தடவை பார், அப்புறம் நான் பெங்களூருக்கே கொண்டுபோறேன்" என்றார். அவர் தலை மறைந்ததும் பாய் என் தோளில் கை வைத்துச் சொன்னார்: "பாட்டு நல்லாத்தான் இருக்கு தம்பி, அந்த பாத்ரூம் கதவை மட்டும் திறந்துவிடு."

இருநூற்றைம்பது லிட்டர்

ப்ரவுசிங் சென்டரில் மூன்று பக்கம் பிரிண்ட் எடுத்தேன். மூன்றும் மூன்று அளவு சொல்லின. ஸ்பீக்கரின் விவரத்தை எல்லாம் போட்டுக் கணக்குப் பண்ணு என்றன. இந்தப் பழைய ஸ்பீக்கரில் விவரம் இருக்க வேண்டிய இடத்தில் துருதான் இருந்தது. பெட்டி பெரியதாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் மூன்றுக்கும் சண்டையில்லை. நடுவில் இருந்த அளவை எடுத்துக்கொண்டேன். படம் வரைந்து, தலைப்பில் '250 லிட்டர்' என்று எழுதி, முனிராஜ் அண்ணனிடம் கொடுத்தேன். பாகலூர்க்காரர், எங்கள் பட்டறையின் முக்கியக் கை.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், தண்ணீர் தாங்கும் பிளைவுட், ஒவ்வொரு மூட்டிலும் பசை, உள்ளே சுற்றிலும் தார் பூச்சு. காற்றே கசியாத பெட்டி. ஸ்பீக்கர் பெட்டிக்கு அதுதான் முக்கியம், நான்தான் சொல்ல மறந்திருந்தேன். இவருக்கு எப்படித் தெரிந்தது? பாராட்டலாமென்று வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்: "ஏம்பா, எல்லாம் சரி, டேங்குக்குக் குழாய் எந்தப் பக்கம்?"

போன்

ஸ்பீக்கருக்குக் கீழே காற்று வந்துபோக நாலு அங்குல ஓட்டை குறித்திருந்தேன். அறுக்கிற அன்றைக்கு ருத்ரப்பா போன் செய்தார். பக்கத்தில் ரம்பம் ஓடுகிறது. அவர் அவசரத்தில் முழுக்கக் கன்னடத்துக்குப் போய்விட்டார். "தூத்து எத்தர இரலி!" தூத்து என்றால் ஓட்டை, இரலி என்றால் இருக்கட்டும், அந்த அளவுக்குக் கன்னடம் எனக்கு வந்திருந்தது. ஓட்டை எட்டரை இருக்கட்டும் என்கிறார்!

"எட்டரையா சார்?" என்றேன், என் குரலில். "ஹௌது ஹௌது, எத்தர!" என்று ஆமாம் போட்டு வைத்துவிட்டார். எட்டரை அங்குலமா? எந்தப் பிரிண்டிலும் இல்லையே. ஆனால் டாக்கீஸ் நடத்தியவர், அவருக்குத் தெரியாததா? நாலை அடித்துவிட்டு எட்டரையை எழுதினேன். முனிராஜ் அண்ணன் வட்டத்தை இரண்டு தரம் அளந்தார், என் முகத்தை ஒரு தரம் அளந்தார். "இது ஓட்டையா, ஜன்னலா?"

டெம்போ

நாலடி உயரப் பெட்டி இரண்டு, கீறல் விழாமல் வெள்ளைத் துணி சுற்றி ஏற்றினோம். டெம்போ டிரைவர் சேலத்துக்காரர், புதிது. பாட்டை அணைத்தார். அட்டிபெலே தாண்டும்வரை ஹாரன்கூட அடிக்கவில்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "ஒரே வீட்டுல ரெண்டு பேரா தம்பி? சின்னப் புள்ளைங்களா?"

பூனை

ருத்ரப்பா வீட்டுக் கூடத்தில் துணியை அவிழ்த்தோம். பாயும் பைக்கில் பின்னாலேயே வந்திருந்தார், தீர்ப்பு கேட்க. பெரியவர் பெட்டியைச் சுற்றி வந்தார். குனிந்தார். நிமிரவில்லை.

"இது என்ன?"

"நீங்க சொன்ன எட்டரை, சார்."

"எட்டரை யார் சொன்னா? எத்தர! எத்தர அந்த்ரே உயரம்! ஓட்டையை மேலே வைன்னேன். எலி ஏறக்கூடாதுன்னு சொன்னா, நீ பூனையே நுழையற மாதிரி வெச்சிருக்கே!"

பாய் கூரையைப் பார்த்தார். எனக்குக் காதுக்குள் கீல் முடுக்கும் சத்தம் கேட்டது. பெருமூச்சு விட்டபடி பெரியவர் ஒரு கேசட்டைப் போட்டார், படம் தொடங்குமுன் டாக்கீஸில் ஒலிக்கும் பக்திப் பாட்டாம். முதலில் நாதஸ்வரம். பிறகு தவில். அதன் கனத்த அடிச்சத்தம் தரும் தொப்பிப் பக்கம் நேரே வந்து நெஞ்சில் தட்டியது. அலமாரியில் டம்ளர் நகர்ந்தது. வால்யூம் குமிழ் கால்வாசிகூடத் திரும்பியிருக்கவில்லை.

நாலு அங்குலம் வைத்திருந்தால் வந்திருக்குமா? தெரியாது. எட்டரைக்கு ஏன் வந்தது? அதுவும் தெரியாது. பெரியவர் பாட்டு முடியும்வரை கண்ணைத் திறக்கவில்லை. திறந்ததும் பாயிடம், ஓட்டைக்குக் கம்பி வலை அடிக்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்: "இன்னும் ரெண்டு ஸ்பீக்கர் கொட்டாயில கெடக்கு. அதுக்கும் இதே தப்பு மாடப்பா, இப்படியே செய், ஒரு நூல் கூடக் குறையக்கூடாது."

மூலை கிடைத்துவிட்டது, ஆர்டரும் வருகிறது, அந்த எட்டரை எப்படிச் சரியாக வந்தது என்று யாராவது கேட்டால் மட்டும் என் குரல் வழக்கத்தைவிட இறங்கிவிடுகிறது.