ஆக்லாந்து முதல் போளூர் வரை

வளைவு

செல்வி என் கம்ப்யூட்டர் திரையில் விரலை வைத்து ஆக்லாந்திலிருந்து சென்னைக்கு நேராக ஒரு கோடு இழுத்துக் காட்டினாள். விமான டிக்கெட் போடும் தொழிலில் திரையைத் துடைப்பதே பாதி வேலை; இதே தொழிலில் இருக்கும் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

அவள் தம்பி முருகனுக்கு நியூசிலாந்தில் மாட்டுப் பண்ணையில் வேலை. ஞாயிறு காலை செல்வியின் குழந்தைக்கு, போளூருக்கு மேலே மலையில் இருக்கும் ஜமுனாமரத்தூரில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அவன் வராவிட்டால் கணவன் வழியில் யாராவது மடி கொடுப்பார்கள். “எனக்குக் கூடப் பொறந்தவனே இல்லன்னு ஆய்டும்ண்ணா” என்றாள்.

பதினோராயிரம் கிலோமீட்டருக்கு மேல் என்றேன். திரையில் விமானத்தின் வழி வில்லாக வளைந்திருந்தது. உலகம் உருண்டை என்று விளக்கினேன். அவள் கணவன் குமரேசன் மலைப்பாதையில் வேன் ஓட்டுகிறவன். உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “எதிர்ல வர்றவனுக்குத் தெரியாது சார். டிரைவர ஹாரன் அடிச்சுனே வரச் சொல்லுங்க.”

நாளைய மழை

அங்கே சனிக்கிழமை நண்பகல் கிளம்பி, சிங்கப்பூரில் மாறி, அன்று இரவு பத்து மணிக்குச் சென்னை. குமரேசன் விரல் விட்டு எண்ணி, பத்து மணி நேரம் என்றான். பதினேழரை என்றேன். மீதி எங்கே போனது என்று கேட்டான். அங்கே கடிகாரம் நமக்கு முன்னால் ஓடுகிறது, இங்கே சாயங்காலம் என்றால் அங்கே மறுநாள் பிறந்துவிடும் என்றேன்.

செல்வி உடனே முருகனுக்குப் போன் போட்டு என்னிடம் நீட்டினாள். “சாமை காய வெச்சிருக்கேன். நாளைக்கு மழ வந்துச்சான்னு கேளுங்கண்ணா.”

மணையருகே வேறொருவர்

ஞாயிறு காலை நானும் ஜமுனாமரத்தூரில் இருந்தேன். விமானம் குறித்த நேரத்தில் இறங்கிவிட்டதாக எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியிருந்தேன். போளூர் வந்துவிட்டதாகச் சொன்ன பிறகு முருகனின் போனுக்கு சிக்னல் இல்லை. நல்ல நேரம் முடியப் போகிறது என்றார்கள். குமரேசனின் பெரியப்பா மகன் புது வேட்டியோடு, தாய்மாமன் உட்கார வேண்டிய மணைக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான். செல்வி குழந்தையை யாரிடமும் கொடுக்கவில்லை.

குமரேசனின் பெரியப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். “கடலத் தாண்டி பத்து மணி நேரத்துல வந்தவனுக்கு, போளூர்ல இருந்து வர இன்னா கேடு?”

மடி

முருகன் யாரோ ஒருவருடைய பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்து சேர்ந்தான். புளி ஏற்றிய லாரி ஒரு வளைவில் குறுக்கே நின்றுவிட, அவன் வந்த கார் அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்டதாம். ஷூவைக் கழற்றிவிட்டு நேராக மணையில் போய் உட்கார்ந்தான். புது வேட்டிக்காரன் நகர்ந்துகொண்டான். செல்வி குழந்தையை அவன் மடியில் வைத்துவிட்டு, இவ்வளவு நேரமா என்று கேட்டாள். “போளூர் வரைக்கும் நல்லாத்தான்க்கா வந்தேன்” என்றவன் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான்.

விமான நேரத்தை நிமிடம் பிசகாமல் சொல்லும் நாம் யாரும் போளூருக்கு மேல் பொறுப்பேற்பதில்லை.

ஆசாரி கம்பியை எடுத்தார். குழந்தை வீறிட்டது. முருகன் பின்பக்கமாகச் சாயத் தொடங்கியபோது, குமரேசன் அவனுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து முதுகுக்குத் தன் தோளைக் கொடுத்தான்.