செபமாலையும் மாமியின் சோறும்

நேற்று எங்கள் பஸ் மாதா கோயிலைத் தாண்டியபோது நான் சிலுவை அடையாளம் போட்டு, வாய்விட்டு ஒரு சின்னச் செபம் சொன்னேன். பக்கத்தில் இருந்த சின்னவன் என் கையைப் பிடித்து இழுத்து, "அப்பா, மெல்லமாச் சொல்லுங்கோ, எல்லாரும் பாக்கினம்" என்றான். எனக்குக் கோபம் வரவில்லை, பிள்ளைகள். அவனுடைய வயதில் நான் அவனைவிட மோசம்.

அப்போது நாங்கள் மயிலிட்டியை விட்டு இடம்பெயர்ந்து புத்தூரில் இருந்தோம். தோட்டக்காரக் குடும்பம் ஒன்று தங்கள் வளவில் ஒரு மூலையைத் தந்திருந்தது. அதில் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டோம். அவர்கள் வீட்டுக்கும் எங்கள் கொட்டிலுக்கும் நடுவே ஒரு கிடுகு வேலி. சுற்றிவர எல்லாரும் சிவனைக் கும்பிடும் சைவக்காரர். மாதாவைக் கும்பிடும் வேதக்காரர் நாங்கள் மட்டும்தான்.

என் அப்பாவுக்கு மெல்லமாகச் செபிக்கத் தெரியாது. மீன்பிடி வள்ளத்தின் எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்திக் கதைத்துப் பழகிய தொண்டை. ஒருநாள் அவரிடம், "கடவுளுக்குக் காது கேக்கும்தானே, ஏன் கத்திறியள்?" என்று கேட்டேன். "அவருக்குக் கேக்கும் மகன். கடலிலை தனிய நிக்கேக்கை எனக்கு என்ரை குரல் கேக்கவேணும்" என்றார். அது எனக்கு ஒரு பதிலாகவே படவில்லை.

பிறகு அவர் கொழும்புத்துறையில் இன்னொருவரின் வள்ளத்தில் தொழிலுக்குப் போனார். சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். மற்ற நாட்களில் செபமாலையைத் தொடங்கிச் சொல்வது மூத்தவனான என் வேலை. "ஒழுங்கையாலை போற சனத்துக்குக் கேக்கவேணும்" என்பது அவர் போட்ட கட்டளை.

ஒழுங்கைக்குக் கேட்டதோ இல்லையோ, வேலிக்கு அந்தப் பக்கம் நன்றாகவே கேட்டது. அந்த வீட்டுப் பெடியன் என் வகுப்பு. செபமாலையின் முடிவில் மாதாவின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, மற்றவர்கள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று மறுமொழி சொல்வோம் அல்லவா? ஒரு திங்கட்கிழமை வாத்தியார் இடாப்புக் கூப்பிடத் தொடங்கினார். அவர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, இவன் கடைசி வரிசை வாங்கிலிருந்து எங்கள் ராகத்திலேயே "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றான். முழு வகுப்பும் சிரித்தது. வாத்தியாரும் திரும்பிக் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய தோள் குலுங்கியது.

அன்று மாலை அம்மாவிடம் தொண்டை நோ என்று சொன்னேன். செபமாலையை எனக்கே கேட்காத குரலில் சொல்லி முடித்தேன். நான் முணுமுணுக்க, அம்மாவும் மெல்லமாகத்தான் மறுமொழி சொன்னா. கொத்தமல்லி அவித்துத் தந்தா. பொய்யின் கசப்போடு அதையும் குடித்தேன். இப்படியே மூன்று நாள்.

மூன்றாம் நாள் செபம் முடிந்த கையோடு, வேலியில் இருந்த பொட்டுக்குள்ளால் நுழைந்து பக்கத்து வீட்டு மாமி, அந்தப் பெடியனின் தாய், வந்து நின்றா. கையில் அகப்பை.

"என்ன பிள்ளை, உங்கடை செபம் நிண்டுபோச்சே?"

"இல்லை அக்கா. இவனுக்குத் தொண்டை நோ" என்றா அம்மா.

"எனக்கெல்லோ கரைச்சல்! நீங்கள் தொடங்கேக்கை அரிசியைப் போட்டு, அந்த 'வேண்டிக்கொள்ளும்' வரேக்கை வடிக்கிறனான். மூண்டு நாளாச் சோறெல்லாம் களி. மனுசன் பேசிற பேச்சு!" பிறகு என்னைப் பார்த்தா. "உந்த நோ நாளைக்கு மாறிடுமே தம்பி?"

நான் தலையாட்டினேன். இரவு முழுக்க எனக்கு அந்தக் களிச்சோறு நினைவுதான். இருக்க இடம் தந்த வீட்டின் சாப்பாட்டை நான் கெடுத்துவிட்டேன். வாய் திறந்தால் வகுப்பு சிரிக்கும். திறக்காவிட்டால் அந்த வீடு நல்ல சோறு தின்னாது.

மறுநாள் மாலை முழங்காலில் நின்று, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு செபமாலையைத் தொடங்கினேன். முதல் மணியில் குரல் நடுங்கியது. மூன்றாம் மணியில் அப்பாவின் குரல் மாதிரி இருந்தது. வேலிக்கு அங்கால் மாமி, "டேய், தொடங்கியாச்சு, அரிசியை எடு!" என்று மகனை விரட்டுவது கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கும்தான். அன்றைக்கு ஒழுங்கைக்கே கேட்கும்படி சொல்லி முடித்தோம்.

அடுத்த நாள் இடாப்புக் கூப்பிடும்போது நான் குனிந்துகொண்டு காத்திருந்தேன். ஒரு சத்தமும் வரவில்லை. இடைவேளையில் அந்தப் பெடியன் பக்கத்தில் வந்து, "நேற்றுச் சோறு நல்லா வந்ததடா" என்றான். அதற்குப் பிறகு அவன் அந்தப் பகிடியைத் தொடவில்லை.

சில நாள் கழித்து, அம்மா அனுப்பிய மீன் பொரியலோடு முதல்முறையாக மாமியின் குசினிக்குள் போனேன். அடுப்புக்கு நேரே சுவரில் பெரிய மணிக்கூடு ஒன்று தொங்கியது. நல்ல சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. மாமி அதை நிமிர்ந்து பார்த்து, "அஞ்சரையாச்சு, ரியூசனுக்கு ஓடு" என்று மகனைத் துரத்தினா.

என்ன வடிவான மணிக்கூடு என்று மட்டும் அன்றைக்கு நினைத்துக்கொண்டு, வெறும் கோப்பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தேன். செபத்துக்கு நேரமாகியிருந்தது.